கட்டுப் போட்ட பிறகும் வலி கூடிக்கொண்டே போனால்: எங்கள் அனுபவம்

தேனிக்காரி:

என் மகளுக்கு 6 வயது. போன சித்திரையில் வேப்பமரத்து ஊஞ்சலிலிருந்து விழுந்து இடது கையை ஊன்றிவிட்டாள். முழங்கைக்குச் சற்று மேலே வீங்கியது. ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டர் தள்ளி, கட்டுப் போடும் வைத்தியர் பக்கத்துத் தெரு. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு எலும்பு கூட்டியவர் என்பதால் நம்பிப் போனோம். முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தமாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்து, துணியை இறுக்கிச் சுற்றினார். இறுக்கினால்தான் எலும்பு நகராது என்றார். எங்களுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

கட்டுப் போட்டதும் அடங்கிய அழுகை ராத்திரி 9 மணிக்கு மறுபடி ஆரம்பித்தது. வலி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் உப்பி, தோல் பளபளவென்று இருந்தது. மடங்கியிருந்த நடுவிரலை மெல்ல நிமிர்த்தினேன். வீலென்று கத்தினாள். விரலில் அடியே படவில்லையே, அதைத் தொட்டால் ஏன் முன்கை முழுக்க வலிக்கிறது? நர்ஸாக இருக்கும் நாத்தனாருக்கு போன் போட்டேன். "அண்ணி, முதல்ல கட்டை வெட்டி எடுங்க. அப்புறம் வண்டி ஏறுங்க" என்றாள். தையல் கத்தரிக்கோலால் வெட்டினேன். தோலில் துணியின் வரி பள்ளமாகப் பதிந்திருந்தது.

முன்கைத் தசைகளைச் சுற்றி விரிந்துகொடுக்காத ஓர் உறை இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். உள்ளே வீக்கம், வெளியே இறுக்கிய கட்டு. நடுவில் அழுத்தம் ஏறி தசைக்குள் ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 6 மணி நேரம் தாண்டினால் தசை சாக ஆரம்பிக்குமாம். செத்த தசை சுருங்கி, விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கியே நின்றுவிடும். இறுக்கிய கட்டால் கை இப்படிச் சூம்பிப் போவதை வோல்க்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1881-லேயே எழுதியிருக்கிறார். மணிக்கட்டில் நாடி துடிக்கிறதே என்று நான் கேட்டேன். தசை கெட்டுக்கொண்டிருக்கும்போதும் நாடி துடிக்கும், அதை நம்பி உட்காரக் கூடாது என்றார்.

கட்டை எடுத்த ஒரு மணி நேரத்தில் விரலை நிமிர்த்த விட்டாள். நாங்கள் தப்பித்தோம். பிறகு மயக்கம் கொடுத்து, கையைக் கிழிக்காமல் இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகி எலும்பைப் பொருத்தினார்கள். பிள்ளைகளுக்கு முழங்கையில் அதிகம் உடைகிற இடம் இதுதானாம்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் போடச் சொன்னார்கள். அவளால் இரண்டு நுனிகளையும் மடக்க முடியவில்லை. எலும்பு விலகியதில் நரம்பு அமுங்கியிருக்கிறது, தானாகத் திரும்பும் என்றார்கள். இரண்டரை மாதம் தினமும் காலையில் அந்த வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்பூர் தம்பி:

அக்கா, நாட்டுக் கட்டில் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் இது வரும். பைக்கில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ராத்திரி ஊசி போட்ட பிறகும் கெண்டைக்கால் வெடிப்பது போல இருந்தது. "கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்றார்கள். பொறுத்தேன். பெருவிரலை மேலே தூக்கினால் உயிர் போனது, அப்புறம் பாதத்தில் உணர்ச்சியே குறைந்தது. விடியற்காலை வந்த டாக்டர் விரலை அசைத்துப் பார்த்த உடனே, உள்ளே இருந்த பஞ்சு வரைக்கும் கட்டை இரண்டு பக்கமும் பிளந்தார். வலி குறையவில்லை. நேராகத் தியேட்டர். காலின் இரு பக்கமும் நீளமாகக் கீறி உறையைத் திறந்துவிட்டார்கள். காயத்தை உடனே மூட மாட்டார்கள். சில நாள் கழித்துத் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். இப்போது நடக்கிறேன். பாதத்தை மேலே தூக்குவதில் மட்டும் கொஞ்சம் குறை. இரண்டு மணி நேரம் முன்னால் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம்.

போடியிலிருந்து:

என் பையனுக்கும் இதே முழங்கை முறிவு. கம்பி எடுத்து 2 வாரம் ஆகிறது, கை நீளவே இல்லை. அம்மா எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

தேனிக்காரி:

வேண்டாம். நானும் இதையே கேட்டேன். முழங்கையை அழுத்தி உருவினாலும் இழுத்து நீட்டினாலும் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடலாம் என்றார் டாக்டர். பிள்ளையை அவன் போக்கில் விளையாட விடுங்கள். எங்களுக்கு 4 வாரத்தில் கம்பி எடுத்தார்கள். மாவு பிசையக் கொடுத்தேன், தொட்டித் தண்ணீரில் கப்பை அமுக்கி விளையாடவிட்டேன். கை முழுதாக நீள நாலு மாதம் ஆனது. விரல் மரத்துப்போவது, காய்ச்சல், கம்பி இருந்த இடத்தில் சீழ் ஏதாவது இருந்தால் மட்டும் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.