தபால் வண்டி மோதிக் காயம்: இன்சூரன்ஸ் இல்லாத அரசு வாகனம் என்றால் இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

கேள்வி: உதவிமேசை

அஞ்சல் துறையின் சிவப்பு மெயில் வேன் ஒன்று பைக்கில் போகிறவர் மேல் மோதி, அவருக்குக் கால் எலும்பு முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். இடம் சென்னை. இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் காதில் விழும் வார்த்தை, “அது கவர்மென்ட் வண்டி, இன்சூரன்ஸே கிடையாது” என்பதுதான். அதோடு பாதிப் பேர் வழக்குப் போடும் எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் தபால் துறை மேல் என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் பணம் யார் தருவார்கள்? எந்தக் கோர்ட், எத்தனை நாளுக்குள்? எந்தக் காகிதம் இல்லாமல் வழக்கு சாயும்? சட்டப்பிரிவோடு சொல்லத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கும் பயன்படும்.

பதில் 1: எம்சிஓபி வக்கீல்

இன்சூரன்ஸ் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அதனால் இழப்பீடு இல்லாமல் போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆவது பிரிவில், வணிக நோக்கம் இல்லாமல் அரசுப் பணிக்கு ஓடும் மத்திய, மாநில அரசு வாகனங்களுக்குக் கட்டாய இன்சூரன்ஸிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு இன்சூரன்ஸ் எடுப்பதற்குத்தான், பொறுப்புக்கு இல்லை. கம்பெனி கட்ட வேண்டிய தொகையை அரசே கஜானாவிலிருந்து கட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வகையில் இது நல்லதும்கூட. லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை என்று கம்பெனிகள் வழக்கமாக எடுக்கும் வாதம் எதுவும் இங்கே நடுவில் வராது.

“அரசு செய்யும் வேலைக்கு அரசு மேல் வழக்குப் போட முடியாது” என்று யாராவது சொன்னால், ராஜஸ்தான் அரசு எதிர் வித்யாவதி வழக்கின் பெயரைச் சொல்லுங்கள். கலெக்டருடைய ஜீப் மோதி இறந்தவரின் குடும்பத்துக்கு அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. அஞ்சலகச் சட்டத்தில் துறைக்கு இருக்கும் பாதுகாப்பு, கடிதமும் பார்சலும் தொலைவது, தாமதமாவது போன்ற சேவைக் குறைகளுக்கானது. ரோட்டில் அடிபட்டவருக்கு அது குறுக்கே வராது. அவர் துறையின் வாடிக்கையாளராகவும் அடிபடவில்லை, அதனால் நுகர்வோர் கோர்ட்டும் இதற்கான இடமில்லை.

இடம், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் தீர்ப்பாயமாக இயங்குகிறது. 166(2)-இன்படி விபத்து நடந்த ஊரிலும் போடலாம், அடிபட்டவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். விழுப்புரத்துக்காரர் சென்னையில் அடிபட்டால் விழுப்புரத்திலேயே போடலாம். காலை ஊன்ற முடியாத ஆளை ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற்றாமல் இருப்பது பெரிய விஷயம்.

எதிர்மனுதாரர் பெயரில்தான் நிறைய மனுக்கள் கோணலாகின்றன. “போஸ்ட் மாஸ்டர், இன்ன தபால் நிலையம்” என்று போட்டால் போதாது. முதல் எதிர்மனுதாரர் டிரைவர். இரண்டாவது யூனியன் ஆஃப் இந்தியா, அதன் சார்பில் தமிழ்நாடு வட்டத் தலைமை அஞ்சல் துறைத் தலைவர். மூன்றாவதாக மெயில் மோட்டார் சர்வீஸ் மேலாளரையும் சேர்த்துவிடுங்கள். பிறகு திருத்த மனு போட்டுச் சேர்ப்பதற்குள் பல மாதம் ஓடிவிடும்.

கெடு: 1.4.2022 முதல் 166(3)-இன்படி விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். இந்தப் பிரிவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலதாமதத்தை மட்டும் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யாதீர்கள் என்று 2025 நவம்பரில் உத்தரவும் வந்தது. ஆனால் அது இடைக்கால உத்தரவு. அதை நம்பி ஏழாவது மாதம்வரை உட்கார்ந்திருக்காதீர்கள்.

போலீஸுக்கும் இதில் கடமை இருக்கிறது. 2022-இல் வந்த விதிகளின்படி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், இடைக்கால அறிக்கையை 50 நாளுக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 166(4)-இன்படி அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில் அறிக்கை தாமதமாகும், இல்லாவிட்டால் வருமான விவரம் காலியாக வரும். அதனால் தனியாக ஒரு மனுவையும் தயார் செய்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பதில் 2: கேஸ்கட்டு

வக்கீல் சார் சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். இந்த வழக்குகளில் பாதி கோர்ட்டுக்கு வருமுன்பே ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் முடிவாகிவிடுகிறது.

அங்கே டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நாலு வரி எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்பது அதன் நகல்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வாகனம் மோதியது என்று கூட வந்தவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார். பதற்றத்தில் “வண்டியிலேர்ந்து விழுந்துட்டாரு” என்று யாராவது சொல்லிவிட்டால், பதிவேட்டில் “தானாகச் சறுக்கி விழுந்தார்” என்று ஏறிவிடும். எதிர்த்தரப்பு முதல் குறுக்கு விசாரணையிலேயே அந்த வரியைத்தான் எடுத்து நீட்டும். அதனால் கூடப் போகிறவர் “மெயில் வேன் மோதியது” என்று தெளிவாகச் சொல்லி, என்ன எழுதினார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தவறாக ஏறிவிட்டால் அன்றே போலீஸ் வாக்குமூலத்தில் சரியான விவரத்தைப் பதிவு செய்யுங்கள். ஒரு மாதம் கழித்துத் திருத்தினால் ஜோடனை என்பார்கள்.

எஃப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 281-உம் (கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது), 125(a) (காயம்) அல்லது 125(b)-உம் (கொடுங்காயம்) இருக்கும். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் வரும், அதனால் 125(b) இருக்கிறதா பாருங்கள். முதல் நாள் வீக்கம் என்று சேர்த்துவிட்டு, எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்த பிறகும் பிரிவை மாற்றாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. காயச் சான்றிதழை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

கூடவே வேண்டியவை: பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (அந்த இடத்தின் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. ஆய்வாளர் அறிக்கையில் வேனின் இடது முன்பம்பர் நசுங்கியிருக்கிறது, பைக்கின் வலது ஃபுட்ரெஸ்ட் வளைந்து சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்று இருந்தால், அது நேரில் பார்த்த சாட்சி ஒருவருக்குச் சமம். அது முடியும்வரை பைக்கை ரிப்பேருக்கு விடாதீர்கள். மெயில் வேனுக்கு லாக்புக் உண்டு. அன்றைய டிரைவர் யார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது அதில் இருக்கும். அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போடலாம்.

சிகிச்சைச் செலவில் ஆரம்பத்திலேயே கையைக் கடிக்காமல் இருக்க, தமிழ்நாட்டின் “நம்மைக் காக்கும் 48” திட்டத்தில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசின் 2025 திட்டத்தில் ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்வரை பணம் கட்டாத சிகிச்சை உண்டு. இவற்றை வாங்கினால் இழப்பீட்டு வழக்குப் போகாது.

இப்போது கணக்கு. வயது 34, சொந்த வேலை, மாதம் 18,000 ரூபாய் என்று கொள்வோம். 40 வயதுக்குக் கீழே சொந்த வேலை என்றால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40% சேர்க்கலாம். 25,200 ஆகிறது. ஆண்டுக்கு 3,02,400. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுவரை பெருக்கி (ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண்) 16. மொத்தம் 48,38,400. வேலை செய்யும் திறனில் 20% இழப்பு என்று தீர்ப்பாயம் ஏற்றால் 9,67,680 ரூபாய். அந்த 40%-ஐக் கேட்க மறந்த மனுவில் இதே ஆளுக்கு 6,91,200தான் வரும். காயவழக்கில் சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கவும் கூடாது, அது மரண வழக்குக்கானது.

அந்த 20% எங்கிருந்து வருகிறது என்பதுதான் சண்டை. மெடிக்கல் போர்டு “வலது காலில் 40%” என்று தந்தால் அது முழு உடம்புக்கும் 40% ஆகாது. அதே சமயம், உடம்பில் 15% என்றாலும் மூட்டை தூக்குகிறவருக்குப் பிழைப்பே போயிருக்கலாம். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு (2011) சொல்வது இதைத்தான்: ஊனச் சதவீதம் வேறு, சம்பாத்திய இழப்பு வேறு. அதனால் அவர் என்ன வேலை செய்தார், அதில் எதை இப்போது செய்ய முடியவில்லை என்று சாட்சியத்தில் சொல்ல வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார முடியாத டைல்ஸ் கொத்தனார் என்று ஒரு வரி இல்லாவிட்டால், சதவீதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் போட்டு முடித்துவிடுவார்கள்.

பதில் 3: தபால்காரர் மகள்

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. தபால் பை ஏற்றிப் போகிற வண்டியெல்லாம் தபால் துறை வண்டி இல்லை. பல ரூட்டில் ஒப்பந்த வண்டிகள் ஓடுகின்றன. கிராமத்தில் ஜி.டி.எஸ். (கிராமின் டாக் சேவக், கிராம அஞ்சல் ஊழியர்) சொந்த பைக்கில்தான் பட்டுவாடா செய்கிறார். அந்த வண்டிக்கு விலக்கு எதுவும் கிடையாது, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும். அதனால் முதல் வேலை ஆர்.சி. யார் பெயரில் என்று பார்ப்பது. எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். ஒப்பந்த வண்டி என்றால் உரிமையாளர், கம்பெனி, கூடவே யூனியன் ஆஃப் இந்தியா எல்லோரையும் சேர்த்துவிடுங்கள். ஒப்பந்த நகல் வேண்டுமென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

அடிபட்டவர் வண்டிக்குள் இருந்த ஊழியர் என்றால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டம், தொழிலாளர் இழப்பீடு (முன்பு தனிச் சட்டம், 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது) இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் (167-ஆவது பிரிவு). டிரைவரின் தவறை நிரூபிக்க முடியும் என்றால் தீர்ப்பாயம். நிரூபிக்க முடியாது, அவரே டிரைவர் என்றால் தொழிலாளர் வழி. சொந்த பைக்கில் போன ஜி.டி.எஸ். தானாக விழுந்தால் மூன்றாம் நபர் பாலிசியில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு எடுத்திருந்தால் அதில் கேட்கலாம். அதன் உச்சத் தொகை 15 லட்சம், மரணத்துக்கும் குறிப்பிட்ட நிரந்தர ஊனங்களுக்கும்தான். சாதாரண எலும்பு முறிவுக்கு அது வராது.

உதவிமேசை

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். “கேஸ் வேண்டாம், பேசி முடிச்சுக்கலாம்” என்று டிரைவர் தரப்பில் வந்தால்? ஹெல்மெட் போடவில்லை, லைசென்ஸ் இல்லை என்றால் வழக்கு போச்சா?

பதில் 4: எம்சிஓபி வக்கீல்

டிரைவர் கையிலிருந்து ஐயாயிரம், பத்தாயிரம் வாங்கிக்கொண்டு “எனக்கு ஆட்சேபணை இல்லை” என்று ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதுதான் நான் அஞ்சும் விஷயம். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் போனால் பிறகு டிரைவரையும் வண்டியையும் நிரூபிக்கும் பாரம் முழுக்க நம் தலையில். டிரைவர் ஏழை என்று மனசு இளகுகிறவர்களுக்கும் சொல்கிறேன், தீர்ப்புத் தொகையைக் கட்டப்போவது அரசு.

தவறு யார் மேல் என்று நிரூபிப்பது கஷ்டமாக இருந்தால் 164-ஆவது பிரிவு இருக்கிறது. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், தவறை நிரூபிக்கவே வேண்டாம். ஆனால் அதைச் சமரச முறையில் ஏற்று வாங்கிவிட்டால் தீர்ப்பாய மனு அதோடு செத்துவிடும். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், 9 லட்சம் வர வேண்டிய இடத்தில் இரண்டரை லட்சத்தோடு நின்றுவிடும். அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

லைசென்ஸ் இல்லாதது மட்டுமே அடிபட்டவரின் தவறாகாது என்று சுதிர்குமார் ராணா வழக்கில் (2008) தீர்ப்பு இருக்கிறது. ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதும் தானாகத் தவறாகாது, அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும் (முகமது சித்திக் வழக்கு, 2020). ஹெல்மெட் இல்லாமல் தலையில் அடி என்றால் இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழிக்கக்கூடும். கால் முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று வாதத்தில் சொல்ல மறக்கக் கூடாது. கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலையானாலும் தீர்ப்பாயத்தைக் கட்டாது, இங்கே நிரூபணத்தின் அளவுகோல் குறைவு.

தீர்ப்புத் தொகையை அரசு குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போடலாம், 174-இன்படி கலெக்டர் மூலம் வசூலிக்கச் சான்று கேட்கலாம். தொகை குறைவு என்றால் 173-இன்படி 90 நாளுக்குள் ஹைகோர்ட்டில் சி.எம்.ஏ. (மேல்முறையீடு) போடலாம். தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் அப்பீல் கிடையாது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்குப் போன் போடட்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில்கள், ஆதார், பேங்க் பாஸ்புக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தெர்மல் பேப்பர் பில்களை அன்றே ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினலோடு பின் செய்து வைக்க வேண்டும், விசாரணைக்கு வருவதற்குள் எழுத்து அழிந்து வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும்.