புளோரிடாவின் தடுப்புத் தீவுகளிடையே பாய்மரப் பயணம்

கேள்வி: புளோரிடாவின் மேற்குக் கரையோரத் தடுப்புத் தீவுகளிடையே (கரைக்கு இணையாக நீளும் மணல் தீவுகள்) குளிர்காலத்தில் ஒரு வாரம் பாய்மரப் படகில் செல்ல எண்ணியுள்ளோம். படகு நீருக்குள் 4 அடி அமிழும் என்பதால், எங்கே நங்கூரமிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: தயங்காமல் காயோ கோஸ்டாவைத் தேர்ந்தெடுங்கள். பாலமே இல்லாத அத்தீவின் உட்புறத்தில் உள்ள பெலிகன் விரிகுடாவில் இரவைப் பெரிய அலையின்றிக் கழிக்கலாம். நுழைவாயில் ஆழம் குறைவு. ஆகவே நீர் ஏறும் வேளையில், மணல்திட்டு வெளிர்மஞ்சளாகத் தெரியுமளவு வெயில் இருக்கும்போது, மெல்ல நுழையுங்கள்.

பதில் 2: வாடைக்காற்று பலமாக வீசும் நாட்களில் விரிகுடா நீர் வெளியே தள்ளப்பட்டு, கடல் ஏற்றவற்ற அட்டவணையில் உள்ளதைவிட நீர்மட்டம் தாழ்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலும், 2022 செப்டம்பர் 28 அன்று இயான் புயல் இத்தீவில்தான் கரையைக் கடந்தது. மணல்திட்டுகள் இடம் மாறியிருக்கலாம் என்பதால், அதற்கு முந்தைய வரைபடங்களை தயவுசெய்து நம்ப வேண்டாம்.