பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வர ஆறு வாரமாம், அதுவரை இந்த எக்ஸ்எஸ்எஸ் ஓட்டையை என்ன செய்வது?

எபேன்வாசி:
மொரிஷியஸ் எபேனில் ஒரு அலுவலகத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். சுமார் 300 பேர். மெயில், காலண்டர், சாட், டாஸ்க் எல்லாம் ஒரே மென்பொருள், ஓடுவது எங்கள் சொந்த சர்வரில் (பெயர் வேண்டாம், ஓட்டை இன்னும் திறந்துதான் கிடக்கிறது). பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர் டாஸ்க் தலைப்பில் ஒரு இமேஜ் டேக் (படம் காட்டச் சொல்லும் எச்டிஎம்எல் குறி), அதற்குள் ஒரு ஆன்எரர் (படம் வராவிட்டால் இதை ஓட்டு என்ற கட்டளை), அவ்வளவுதான் எழுதினார். அந்தப் பட்டியலை யார் திறந்தாலும் அவர்கள் பிரௌசரில் அவர் எழுதிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஓடி ஒரு சின்னப் பெட்டி எழுகிறது, எக்ஸ்எஸ்எஸ் என்பது இதுதான். தயாரித்தவர்களைக் கேட்டால் ஆறு வாரம் என்கிறார்கள். மேனேஜரோ, "ஒரு பெட்டி வருகிறது, ஓகே அழுத்தினால் போய்விடுகிறது, இதற்கா இவ்வளவு கூத்து?" என்கிறார். அவசரத்தில், ஒற்றை மேற்கோள் குறி வந்தால் தடு என்று வெப் ஃபயர்வாலில் (சர்வருக்கு வருவதை வடிகட்டும் காவல்) விதி போட்டேன். இங்கே பாதிப் பேர் பிரெஞ்சில் எழுதுகிறவர்கள், "இன்று" என்று எழுதினாலே அவர்களுக்கு நடுவில் அந்தக் குறி வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஹெல்ப் டெஸ்க் போன் அலற, எடுத்துவிட்டேன். காவடி லீவுக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும்.

டர்பன்காரன்:
தம்பி, அந்தப் பெட்டி சும்மா "உள்ளே வந்துவிட்டேன்" என்று காட்டத்தான். குக்கிக்கு (லாகின் செய்தவர் யார் என்று பிரௌசர் வைத்திருக்கும் அடையாளச் சீட்டு) ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி எச்டிடிபி-ஒன்லி போட்டிருக்கிறோமே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். ஸ்கிரிப்டுக்குக் குக்கியைப் படிக்கவே தேவையில்லை, திறந்தவர் என்னவெல்லாம் செய்ய முடியுமோ அதையெல்லாம் அவர் பெயரிலேயே செய்துவிடும். திறந்தது நீங்கள் என்றால் புது அட்மின் கணக்கே பிறந்துவிடும். 2025-இல் ஜிம்ப்ரா என்ற மெயில் மென்பொருளில் நடந்ததை மேனேஜருக்குச் சொல்லுங்கள், அந்த ஓட்டையின் பொது எண் சிவிஇ-2025-27915. காலண்டர் அழைப்பாக வந்த ஐசிஎஸ் கோப்புக்குள் ஸ்கிரிப்ட், கிளாசிக் வெப் கிளையண்டில் மெயிலைத் திறந்தாலே போதும். அது செய்த வேலைகளில் ஒன்று, "கொர்ரெயோ" என்ற பெயரில் ஒரு ஃபில்டர் விதியை வைத்து வரும் மெயிலை வெளியே அனுப்பியது. பேட்ச் போட்டாலும் அந்த விதி தானாக அழியாது, பாருங்கள்.

இப்போதைக்கு: அட்மின் கணக்கை அன்றாட வேலைக்குத் தொடாதீர்கள், அதற்குத் தனி பிரௌசர். ஃபயர்வால் விதியை அந்த ஒரு ஃபீல்டுக்கு மட்டும், கோண அடைப்பைப் (< >) பார்த்து எழுதுங்கள். அதுவும் திரைச்சீலைதான், சுவர் இல்லை. சிஎஸ்பி ஹெட்டரை (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரௌசருக்குச் சொல்வது) முதலில் ரிப்போர்ட்-ஒன்லியாக, அதாவது தடுக்காமல் புகார் மட்டும் சொல்கிற மாதிரி போடுங்கள், பழைய மென்பொருளில் பட்டனுக்குப் பட்டன் ஆன்கிளிக் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பார்கள், நேராகத் தடுத்தால் பக்கமே செத்துவிடும்.

ரோஸ்ஹில் அக்கா:
ஒன்று விட்டுப்போனது. பேட்ச் எங்கே வடிகட்டுகிறது என்று கேளுங்கள். திரையில் காட்டும்போது எஸ்கேப் செய்தால் (குறிகளை ஓடாத எழுத்தாக மாற்றினால்) டேட்டாபேஸில் கிடப்பது வெறும் எழுத்தாகிவிடும். எழுதும்போது மட்டும் வடிகட்டினால், ஏற்கெனவே உள்ளே போனது அப்படியே காத்திருக்கும். அப்படி உள்ளே கிடப்பதைத் தேடும்போது ஸ்கிரிப்ட் டேக்கை மட்டும் தேடாதீர்கள், எஸ்விஜி படம், ஆன்எரர், ஆன்டோகிள் என்று ஸ்கிரிப்டை ஓட்ட நிறைய வழி உண்டு.

அப்புறம் நம் மொரிஷியஸ் சட்டம். 2017 டேட்டா புரொடெக்‌ஷன் ஆக்ட்படி தனிநபர் தகவல் கசிந்தது தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் பாதுகாப்புக் கமிஷனருக்குச் சொல்ல வேண்டும். ஓட்டை இருப்பது மட்டும் கசிவு ஆகாது, யாராவது அதில் நுழைந்திருந்தால்தான். அதனால் லாகை (யார் எப்போது என்ன செய்தார் என்ற சர்வர் பதிவு) இன்றே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள், முப்பது நாளில் தானாக அழிகிற மாதிரி வைத்திருக்கப் போகிறீர்கள். எங்கள் இடத்தில் அப்படித்தான் மாட்டினோம்.

எபேன்வாசி:
அக்கா, பதினான்கு நாள்தான் வைத்திருந்தோம்! எடுத்துவிட்டேன்.

டெஸ்ட் சர்வரில் மேனேஜர் பெயரில் ஒரு கணக்கு போட்டு, அவர் டாஸ்க் பட்டியலைத் திறந்ததும் அவர் மெயில் என் பெட்டிக்கு வருகிற மாதிரி செய்து காட்டினேன். என் திரையில் தன் மெயிலைப் படித்துப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை, தயாரிப்பாளருக்குத் தானே போன் போட்டார். இப்போது ஆறு வாரம் இரண்டாகியிருக்கிறது. டாஸ்க் தலைப்பில் கோண அடைப்பு தடை, பிரெஞ்சுக்காரர்கள் பிழைத்தார்கள்.

300 பேரின் ஃபில்டர் விதிகளையும் பார்த்தேன். வெளியாள் வைத்தது எதுவும் இல்லை. ஆனால் கணக்குப் பிரிவில் ஒருவர் தன் ஆபீஸ் மெயில் முழுவதையும் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்ப விதி போட்டிருக்கிறார், மூன்று வருடமாக. "வீட்டிலிருந்து பார்க்க வசதி" என்றார். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போட வேண்டும்.