மூன்றாம் வகுப்பில் ஒரே பிள்ளை

நாங்குநேரிப் பக்கத்துத் தலைமையாசிரியை:
எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சென்ற ஆண்டு ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 11 பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி மட்டுமே. மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவள் தாய் வந்தபோது, ஆங்கில மோகம் என்றே எண்ணி, 2023 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு போடுவது வரை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பீடி சுற்றிக் காய்த்த விரலால் அவர் சன்னலுக்கு வெளியே காட்டினார். வேப்பமரத்தடியில் பாண்டிக் கட்டம் வரைந்து, தனக்கொரு சில்லும், இல்லாத தோழிக்கு வேறொரு சில்லுமாக மகள் ஆடிக்கொண்டிருந்தாள். கோட்டை மிதித்ததும் "நீ அவுட்டு" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். "பாடத்துல குறை ஒண்ணும் இல்ல டீச்சர். கூட நின்னு சண்ட போட ஒரு பிள்ள வேண்டாமா?" என்றார். கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

அம்பாசமுத்திரத்துத் தந்தை:
தோழி இல்லாததையே காரணமாக்குவதை நான் ஏற்கவில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஐந்து வகுப்பைப் பார்க்கும் அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், அன்று நடப்பது பள்ளியா, பிள்ளைக் காவலா? ஆகவே அதே சட்டம் ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தரும் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்தேன். வேன் காசு மட்டும் தப்பவில்லை. இரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொன்னேன். ஆங்கிலப் பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவன், 'பாபநாசம்' என்பதில் முதல் எழுத்தோடு நின்று, என் முகத்தைப் பார்த்து, "பாளையங்கோட்டையாப்பா?" என்றான். ஊர்ப் பள்ளிக்குத் திருப்பவும் மனம் ஒப்பவில்லை, அங்கேயே விடவும் ஒப்பவில்லை.

வள்ளியூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஒரு ஜூன் மாதம் என் பள்ளியில் முதல் வகுப்புக்கு எவருமே வராததால், புதுப் பிள்ளைகளுக்கென்று வாங்கிய மாலையைச் சரஸ்வதி படத்துக்குப் போட்டேன். அதனால் சொல்கிறேன். பிள்ளை சேர்க்க மே மாதம் வீடு வீடாகப் போவது காலம் கடந்த வேலை. தனியார் பள்ளிக்காரர்கள் பொங்கலுக்கு முன்பே பெயர் எழுதிப் போய்விடுகிறார்கள். அங்கன்வாடிப் பதிவேட்டைக் கார்த்திகையிலேயே பாருங்கள். தம்பி, நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் மாற்று ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் எழுத வையுங்கள். வாய்ச்சொல் வட்டாரக் கல்வி அலுவலகம் வரை போகாது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று 2020-இல் வந்த 7.5 விழுக்காட்டு மருத்துவப் படிப்பு ஒதுக்கீட்டைச் சொல்லிப் பிள்ளை பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. தொடக்கப் பள்ளிக்கு அதனால் ஒரு பிள்ளையும் வராது.

நாங்குநேரிப் பக்கத்துத் தலைமையாசிரியை:
பதிவேட்டைக் கார்த்திகையிலேயே பார்த்தேன், ஐயா. ஐந்து வயதாகும் பிள்ளைகள் ஊரில் மொத்தமே இரண்டு பேர்.