ரெண்டு மாசமா வயித்துப்போக்கு, குடல்ல அழற்சின்னு சொல்லிட்டாங்க, எங்க டாலிக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்? உதவி பண்ணுங்க

நெல்லை_டாலி:
வணக்கம் எல்லாருக்கும். எங்க வீட்டு டாலி லாப்ரடார், பொண்ணு, நாலரை வயசு. ரெண்டு மாசமா வயிறு சரியில்ல, முதல்ல வெளியில எதையோ தின்னுட்டா போலன்னு நினைச்சு விட்டுட்டோம், ஆனா நிக்கவே இல்ல. ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை போறா, ஒவ்வொரு தடவையும் கொஞ்சூண்டு, வழவழன்னு சளி மாதிரி இருக்கு, ரெண்டு தடவை கடைசியில சொட்டு ரத்தமும் வந்துச்சு. காலையில வெறும் வயித்துல மஞ்சளா நுரை வாந்தி வேற. 28 கிலோ இருந்தவ இப்ப 24 தான், தடவினா விலா எலும்பு கையில தட்டுது, எனக்கு தாங்கல.

மலம் டெஸ்ட் ரெண்டு தடவை பண்ணியாச்சு, புழு இல்ல, ஜியார்டியாங்கற குடல் ஒட்டுண்ணியும் இல்ல. ஸ்கேன்ல குடல் சுவர் தடிச்சிருக்கு, நாள்பட்ட அழற்சின்னாங்க. மெட்ரோனிடசோல்னு ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஏழு நாள் கொடுத்தோம், கொடுத்த வரைக்கும் நல்லா இருந்துச்சு, நிறுத்தின நாலாம் நாளே மறுபடி ஆரம்பிச்சிருச்சு. டாக்டர் ஸ்டீராய்டுக்கு முன்னாடி சாப்பாட்டை மாத்திப் பார்ப்போம்னு சொன்னார், அன்னைக்கு கிளினிக்ல பயங்கர கூட்டம், எதை எப்படி மாத்தணும்னு நிதானமா கேக்க முடியல.

குட்டியில இருந்து சிக்கனும் சாதமும்தான். ரெண்டு வாரமா அதை நிறுத்திட்டு ஆட்டுக்கறியும் அரிசியும்னு பையில போட்ட டிரை ஃபுட் வாங்கி கொடுக்கறேன், ஒரு மாற்றமும் இல்ல. என்ன தப்பு பண்றேன்னு யாராவது சொல்லுங்க.

பொள்ளாச்சி_கன்னி:
முதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க. ரத்தப் பரிசோதனையில ஆல்புமின்ங்கற ரத்தப் புரதம் எவ்வளவுன்னு போட்டிருக்காங்க? வயிறு தொங்கி உப்பின மாதிரியோ கால் வீங்கின மாதிரியோ இருக்கா? மலம் தார் மாதிரி கறுப்பா போகுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் சாப்பாட்டு ஆராய்ச்சி எல்லாம் அப்புறம், உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. ஆல்புமின் ரொம்ப குறைஞ்சா குடல் வழியா புரதம் ஒழுகுதுன்னு அர்த்தம், அது வேற லெவல் பிரச்சினை.

நெல்லை_டாலி:
அண்ணே ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன், ஆல்புமின் 3.0, பக்கத்துல நார்மல்னு போட்டிருக்கு. வயிறு உப்பல, கறுப்பாவும் போகல. சாப்பாடு மட்டும் வைக்கிறத நல்லா சாப்பிடுறா.

மாடித்தோட்டம்_சேலம்:
தயிர் சாதம் நல்லா குழைய பிசைஞ்சு கொடுங்க. எங்க நாட்டு நாய்க்கு எப்ப வயித்தால போனாலும் அதான், ரெண்டு நாள்ல நின்னுரும். கூட கொஞ்சம் பரங்கிக்காய் வேகவச்சு மசிச்சு போடுங்க.

தாம்பரம்_பீகிள்_அம்மா:
சேலம் அக்கா சொல்றது ஒரு நாள் ரெண்டு நாள் வயிறு கெட்டா சரி. ஆனா டாலிக்கு ரெண்டு மாசம் ஆச்சு, இது வேற கதை. எங்க பீகிளுக்கு இதே நோய், மூணு வருஷமா பார்த்துக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

இந்த மாதிரி நாள்பட்ட குடல் அழற்சியில நிறைய நாய்ங்க சாப்பாட்டை மாத்தினாலே சரியாகும். அதனாலதான் உங்க டாக்டர் ஸ்டீராய்டுக்கு முன்னாடி இதை சொல்லியிருக்கார், நல்ல டாக்டர். மாத்தறதுன்னா வயித்துக்கு இதமா கொடுக்கறது மட்டும் இல்ல. குடல் எந்தப் புரதத்தைப் பார்த்து சண்டை போடுதோ அந்தப் புரதத்தை முழுசா நிறுத்தணும். பெரும்பாலும் அது வருஷக்கணக்கா சாப்பிட்ட சாமான்தான், சிக்கன், மாட்டுக்கறி, பால் இதெல்லாம்தான் அடிக்கடி மாட்டும். அதனால தயிரும் இப்ப வேண்டாம், அதுலயும் பால் புரதம் இருக்கு. இதுவரை டாலி வாயிலயே வைக்காத ஒரு கறி, கூட ஒரு மாவுச்சத்து, அவ்வளவுதான், வேற எதுவும் கூடாது. வயித்து விஷயத்துல ரெண்டு வாரத்துலயே தெரிஞ்சிரும், தோல் அரிப்புன்னாதான் எட்டு வாரம் வரைக்கும் காத்திருக்கணும்.

இப்ப முக்கியமான விஷயம். அந்த டிரை ஃபுட் பையோட முன்பக்கத்தை நம்பாதீங்க, பின்னாடி பொடி எழுத்துல இருக்கறத மொத்தமா படிங்க. முன்னாடி ஆட்டுப்படம் இருக்கும், உள்ள சிக்கனும் இருக்கும். அப்புறம் டாலி வாய்க்குள்ள போற எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, மாத்திரை, டானிக், பிஸ்கெட், சப்புற எலும்பு எல்லாம். நாங்க ஒரு மாசம் வீணாக்கினோம், கடைசியில பார்த்தா வீட்டுக்காரர் டீ குடிக்கப் போறப்ப தினமும் ஒரு பொறை வாங்கிப் போட்டிருக்கார்.

நெல்லை_டாலி:
அக்கா இப்பதான் டார்ச் அடிச்சு படிச்சேன். கை நடுங்குது. மூணாவது வரியில கோழிக் கொழுப்பு, கீழ கோழி ஈரல் சாறுன்னு போட்டிருக்கு. இன்னொண்ணு, அவளுக்கு தினமும் ஈரல் டானிக் அஞ்சு மில்லி கொடுக்கறேன், அதுவும் சிக்கன் ஃபிளேவர். ரெண்டு வாரமா சிக்கனை நிறுத்திட்டேன்னு நினைச்சுக்கிட்டு காலையும் சாயங்காலமும் நானே ஊட்டியிருக்கேன். பாவம் அவ வாலாட்டிக்கிட்டே சாப்பிட்டா.

மீன் கொடுக்கலாமா? பாட்டிக்கு மீன் வாடை ஆகாது, அதனால வீட்டுல மீனே சமைக்கிறதில்ல, டாலி இதுவரை தின்னதே இல்ல.

தாம்பரம்_பீகிள்_அம்மா:
அப்ப மீன்தான். நீங்க மனசை வருத்திக்காதீங்க, அந்த எழுத்தை யாரும் படிக்கிறதில்ல. கொழுப்பு கம்மியான மீனா எடுங்க, மத்தி, கானாங்கெளுத்தி இப்ப வேண்டாம். முள்ளில்லாத பாசா துண்டு இல்லன்னா ஜிலேபி மீனை முள் எடுத்து. வெறும் தண்ணியில வேகவைங்க, உப்பு, மஞ்சத்தூள் எதுவும் வேண்டாம், வெங்காயம் பூண்டு வாடையே ஆகாது, அது நாய்க்கு விஷம்.

பொள்ளாச்சி_கன்னி:
அளவு நான் சொல்றேன். எடையை 30ஆல பெருக்கி 70 கூட்டினா படுத்து கிடக்கற நாய்க்கு தேவையான கலோரி, 24 கிலோவுக்கு 790. நடமாடுற நாய், கருத்தடை பண்ணியிருந்தா அதை ஒன்றரை மடங்குக்கு கொஞ்சம் கம்மியா எடுத்துக்கோங்க, சுமார் 1100. வெந்த மீன் 350 கிராம், குழைஞ்ச சாதம் 550ல இருந்து 600 கிராம், கிட்டத்தட்ட கணக்கு வந்துரும். தராசுல நிறுத்துப் போடுங்க, கை அளவு வேண்டாம். எடை கூடாம இருந்தா வாரம் பத்து சதவீதம் கூட்டுங்க.

அப்புறம் நாலு வேளையா பிரிங்க. கடைசி வேளை ராத்திரி பத்தரைக்கு மேல ஒரு சின்ன பங்கு. அந்த மஞ்சள் நுரை வாந்தி, நீண்ட நேரம் வயிறு காலியா இருந்து பித்தம் மேல ஏறுறதால வர்றது, ராத்திரி ஒரு வாய் கொடுத்தாலே நிறைய நாய்க்கு நின்னுரும்.

கால்நடை_மருந்தகம்_ஈரோடு:
11 வருஷமா கால்நடை மருந்துக்கடையில இருக்கேன், பார்த்ததை வச்சு சொல்றேன், முடிவு உங்க டாக்டரோடது. அடுத்த தடவை போறப்ப ரத்தத்துல வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்க. சிறுகுடலோட கடைசிப் பகுதியிலதான் அது உறிஞ்சப்படும், அங்க அழற்சி இருந்தா ரத்தத்துல பி12 இறங்கிரும், இறங்கினா நல்ல சாப்பாடு போட்டாலும் தேறாது. ஊசி பொதுவா வாரம் ஒண்ணா ஆறு வாரம் போடுவாங்க. டானிக்குக்கு பதிலா வாசனை சேர்க்காத மருந்து எழுதித் தரச் சொல்லுங்க, மெல்லுற பூச்சி மாத்திரையும் அப்படித்தான், அதுல கறி வாசனை இருக்கும்.

மீனுக்கும் கேக்கலன்னா ஹைட்ரோலைஸ்டு உணவுன்னு ஒண்ணு இருக்கு, புரதத்தை ரொம்ப சின்னச் சின்னதா உடைச்சிருப்பாங்க, குடலால அதை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் சீட்டோட வாங்கணும், விலை கூட.

பக்_கோவை:
தீபாவளிக்கு ஆட்டுக்கொழுப்பு தின்னு எங்க பக்குக்கு கணையத்துல அழற்சி வந்துச்சு. முன்னங்காலை நீட்டி பின்பக்கம் தூக்கி கும்பிடற மாதிரி நின்னான். அது வேற நோய், அங்க கொழுப்பு குறைக்கிறதுதான் எல்லாம். டாலி அப்படி நின்னாலோ தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ லைபேஸ்னு கணையத்துக்கான ரத்த டெஸ்ட் கேளுங்க.

நெல்லை_டாலி:
அஞ்சாம் நாள். வாந்தி மூணு நாளா இல்ல. மலம் இன்னும் கூழ் மாதிரிதான், ஆனா ஒரு நாளைக்கு மூணு தடவையா குறைஞ்சிருக்கு. மீனை கொல்லைப்பக்கம் இண்டக்ஷன் அடுப்புல வேகவைக்கறேன். பாட்டி மூக்கைப் பொத்திக்கிட்டு, பிள்ளைக்குத்தானே பண்ணுன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

நெல்லை_டாலி:
பதிமூணாம் நாள். இன்னைக்கு காலையில கெட்டியா, உருண்டையா, ரெண்டே தடவை. சளி இல்ல. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாமான்னு கூட தோணுச்சு. எடை 24.6. பி12 குறைவுன்னு வந்துச்சு, முதல் ஊசி போட்டாச்சு. டாக்டர் ஸ்டீராய்டு இப்ப வேண்டாம்னுட்டார். இதையே இப்படியே கொடுத்துக்கிட்டு இருக்கலாமா?

தாம்பரம்_பீகிள்_அம்மா:
ஐயோ எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா. ஆனா மீனும் சாதமும் மட்டும் மாசக்கணக்கா போதாது. முள் எடுத்துட்டதால கால்சியம் கிட்டத்தட்ட இல்ல, துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி, ஈ எல்லாம் குறையும். மனுஷங்க மாத்திரையை நீங்களா போட்டு சரிபண்ணாதீங்க, கால்சியம் கூடினாலும் தப்பு. டாக்டர்கிட்ட சொல்லி எடைக்கு ஏத்த சப்ளிமென்ட் வாங்குங்க, இல்லன்னா மீன் மட்டுமே புரதமா இருக்கற முழு உணவுக்கு மெதுவா பத்து நாள்ல மாறுங்க. பின்பக்கம் படிச்சிட்டு.

நெல்லை_டாலி:
ஏழாவது வாரம். 26.3 கிலோ. டாக்டர் சொன்னபடி சிக்கனை சோதிச்சுப் பார்த்தோம், தினமும் ரெண்டு ஸ்பூன் வெந்த சிக்கன் மட்டும் கூட. மூணாம் நாள் சாயங்காலம் சளி வந்துச்சு. நிறுத்தினோம், அடுத்த ரெண்டு நாள்ல சரியாயிட்டா. சப்ளிமென்ட் பொடியும் வாங்கியாச்சு, அதுல கோழி இல்ல, ரெண்டு தடவை படிச்சேன். ஃப்ரிட்ஜ்ல இருந்த சிக்கன் பாக்கெட்டை பாட்டியே எடுத்து பக்கத்து வீட்டுல கொடுத்துட்டாங்க.

தூத்துக்குடி_சிப்பி:
எங்களுக்கும் இதே பிரச்சினைதான், ஆனா எங்க சிப்பி பொறந்ததுல இருந்து மீன் தின்னுறவ. அப்ப என்ன கொடுக்கறது?

தாம்பரம்_பீகிள்_அம்மா:
அப்ப மீன் உங்களுக்கு ஆகாது. பண்ணையில முயல் கிடைக்கும், இல்லன்னா வான்கோழி, ஆனா சிக்கனும் தின்னிருக்கான்னா வான்கோழியைவிட முயல் நல்லது, ரெண்டும் பறவைங்கறதால சில நாய்க்கு ரெண்டுமே ஆகாது. இதுவரை என்னென்ன சாப்பிட்டிருக்கான்னு முழுசா எழுதுங்க, மல டெஸ்ட் பண்ணீங்களான்னும் சொல்லுங்க.