ராணுவத்திலிருந்து திரும்பியவர்களுக்கு மனச்சிகிச்சை: எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் மாமா அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். காஷ்மீரில், தீவிரவாதிகளை எதிர்கொள்ளும் ராணுவப் பிரிவான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்தபோது அவருக்கு 'ரோடு ஓப்பனிங்' வேலை. வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால் விடிகாலையில் சாலையோரமாக நடந்து, புதிதாகக் கிளறிய மண், கேட்பாரற்ற டப்பா, ஒயர் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு நாள் இவர் பார்த்துவிட்டுப் போன இடத்திலேயே வெடித்தது. பின்னால் வந்தவர் இறந்துவிட்டார்.

ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துக்குக் குழாய் பதிக்க எங்கள் பக்கம் தோண்டி மூடினார்களே, அந்த மண்மேட்டைக் கண்டால் டிவிஎஸ் 50-ஐ நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் இறங்கிச் சுற்றி வருவார். கல்குவாரியில் வெடி வைத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மாரியம்மன் நோம்பிக்கு அதிர்வேட்டு போடுவார்கள் என்று முந்தின நாளே பழனிக்குப் போய்விடுவார். பக்தி என்று ஊரில் நினைத்தார்கள். கேன்டீன் ரம் இல்லாமல் தூக்கம் கிடையாது. "அதையெல்லாம் அவன்கிட்டக் கேக்காதீங்க கண்ணு, தானா மறந்துருவான்" என்பார் அம்மாயி. எல்லா வீட்டிலும் இதுதானே வைத்தியம்!

கோவையில் பார்த்த உளவியலாளர் இதற்கு நேர் எதிராகச் செய்தார். முதலில் மனநல மருத்துவர் செர்ட்ரலின் என்ற மாத்திரை எழுதினார். அப்புறம் வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலையை இப்போது நடப்பதுபோலவே சொல்ல வேண்டும். "நடந்தேன்" என்றால் "நடக்கறேன்னு சொல்லுங்க" என்று திருத்துவாராம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நடுநடுவே, பதற்றம் 0-லிருந்து 100-க்குள் எவ்வளவு என்று கேட்பார். மாமா சொன்னதைப் பதிவு செய்து, தினமும் வீட்டில் கேட்கவும் சொன்னார். மாமா மோட்டார் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். அமெரிக்காவில் எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வகுத்த முறை இது. பொதுவாக 8 முதல் 15 அமர்வு வரை போகும்.

முதல் சில வாரம் கெட்ட கனவு அதிகமானது. "ரணத்தக் கிளறிட்டே இருக்கறாங்க, போதுங்க" என்று அத்தை அழுதார். இப்படி ஆகலாம் என்று உளவியலாளர் முன்பே சொல்லி வைத்திருந்ததால்தான் தாக்குப் பிடித்தோம். வீட்டுக்காரர்கள் பாதியில் நிறுத்திவிடத் துடிப்பது இந்த இடத்தில்தான். சிகிச்சை தருபவரிடம் அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வெளி வேலையும் உண்டு. குழாய் மேட்டின்மேல் ஏறி நின்று, அந்தப் பதற்ற எண் பாதியாகும்வரை நகரக்கூடாது. முதல் நாள் 80. அந்த வழியாகப் போன ஆட்டுக்காரர், "ஏனுங்க, எதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரும் கூடத் தேடினார்.

பலமுறை சொன்ன பிறகுதான், முந்தின ராத்திரி பெய்த பனி அந்த இடத்தை மூடியிருந்தது மாமாவுக்கே ஞாபகம் வந்தது. அதுவரை 'நான் பாக்காம விட்டுட்டேன்' என்றே வைத்திருந்தார். இந்த நோம்பிக்கு ஊரிலேயே இருந்தார், காதைப் பொத்திக்கொண்டுதான். ரம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

கோபியிலிருந்து ஒரு சகோதரி:
என் வீட்டுக்காரருக்கு வேறு முறை, பட்ரீஷியா ரெசிக் என்ற உளவியலாளர் வகுத்தது. 12 அமர்வு. 'நான் லீவுல வந்திருக்காட்டி அவன் செத்திருக்க மாட்டான்' என்ற நினைப்பை எழுதி, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று வக்கீல் மாதிரி கேட்டுக் கேட்டுப் பிரித்தார்கள். முன்பு பார்த்த இடத்தில் ஹிந்திதான். "டீக் ஹை சார்" (எல்லாம் சரி சார்) என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். தமிழில் கேட்ட பிறகுதான் வாயே திறந்தார்.

பல்லடத்திலிருந்து ஒரு தம்பி:
அப்பா வரவே மாட்டேன் என்கிறார். பைத்தியத்துக்குப் பார்க்கிற இடமாம். என்ன செய்யலாம்ண்ணா?

முதலில் எழுதியவர்:
தம்பி, அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு நீங்களே கூப்பிட்டுப் பேசலாம், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். ஈசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் அவர்கள் பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். மாமாவும் தூக்க மாத்திரை வாங்கத்தான் முதலில் கிளம்பினார். அப்பாவிடமும் தூக்கத்துக்கு என்றே சொல்லிப் பாருங்கள்.