மீதி இரண்டு பேர் யார்? ஒரே நேரப் பயனாளர் வரம்பு குறித்த அனுபவங்கள்

ராயபுரம் நிரலாளர்:

சுங்க முகவர் அலுவலகங்களுக்கான ஆவணத் தயாரிப்பு மென்பொருள் ஒன்றை எழுதி, மண்ணடியிலும் ராயபுரத்திலும் உள்ள சில அலுவலகங்களுக்குக் கொடுத்துப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். தகவல்கள் எல்லாம் சேரும் டேட்டாபேஸ், சர்வர் என்ற பொதுக் கணினியில் இருக்கும். நிரலை அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் திறந்து வைத்திருக்கலாம் என்பது பெரும்பாலானவர்கள் வாங்கும் லைசென்ஸ். எட்டுப் பேர் உட்காரும் அலுவலகத்தில் எட்டுப் பேரும் எந்நேரமும் இதிலேயே வேலை செய்வதில்லை என்பதால் ஐந்துக்கான விலையை மட்டும் வாங்குவது இரு தரப்புக்கும் நியாயம் என்று இன்றும் நம்புகிறேன். அந்த ஐந்து என்ற எண்ணைத் தவறில்லாமல் எண்ணுவது எவ்வளவு கடினம் என்பதைத்தான் நான் முதலில் உணரவில்லை.

முதல் பதிப்பில் மிக எளிய முறையைக் கையாண்டேன். ஒருவர் லாகின் செய்தால் டேட்டாபேஸின் ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், அவருக்கு ஒரு வரி எழுதப்படும். நிரலை மூடினால் அந்த வரி அழியும். வரிகள் ஐந்து ஆகிவிட்டால் அடுத்தவருக்கு அனுமதி இல்லை. என் மேசையில் இது ஒரு மாதம் பிசகாமல் ஓடியது. பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கு லிங்கிச் செட்டித் தெருவில் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நேரில் போய் நின்றபோது, ஆவணப் பிரிவில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் பெரியவர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “அனுமதிக்கப்பட்ட பயனாளர் எண்ணிக்கை நிறைந்துவிட்டது” என்று நான் எழுதிய வாக்கியம் சிவப்பு எழுத்தில் நின்றது. “தம்பி, உள்ள மூணு பேர்தான் உட்கார்ந்து வேலை பாக்குறாங்க. உன் சாஃப்ட்வேர் அஞ்சுங்குது. மீதி ரெண்டு பேர் யாருப்பா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே விடை தெரிய வேண்டும் என்றுதான் கேட்டார்.

முந்தைய நாள் மாலை மின்சாரம் போயிருந்தது. சர்வருக்கு யுபிஎஸ் இருந்தது. இரண்டு மேசைக் கணினிகளுக்கு இல்லை. அவை திடீரென அணைந்ததால் நிரல் முறையாக மூடப்படவில்லை, வரிகளும் அழியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, அன்று விடுப்பும் எடுத்திருந்த இருவர் என் டேபிளில் இரவெல்லாம் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் அது சிறிய தொல்லை அல்ல. சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணம் சுங்கத்துறையில் தாக்கலாகிவிட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் தாமதக் கட்டணம் விழும். பணம் கட்டி லைசென்ஸ் வாங்கியவரை வாசலில் நிறுத்திவைத்து அந்த நேரத்தைத் தின்னும் உரிமை எந்த நிரலுக்கும் கிடையாது.

அன்றைய அவசரத்தில் நான் செய்த தீர்வு அதைவிடப் பெரிய தவறு. “எல்லா இடங்களையும் விடுவி” என்று ஒரு பொத்தானை வைத்துக் கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து வேறொரு பிரச்சினைக்காக அங்கே போனபோது, எட்டுக் கணினிகளிலும் நிரல் திறந்திருப்பதைப் பார்த்தேன். ஆறாவது ஆள் உள்ளே வர முடியாதபோதெல்லாம் அந்தப் பொத்தானை அழுத்துவது அலுவலக வழக்கமாகவே ஆகியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்வெட்டில் மாட்டிக்கொண்ட வரிக்கும், உண்மையில் உள்ளே இருப்பவரின் வரிக்கும் வேறுபாடு தெரியாத ஒரு பொத்தானைக் கொடுத்தவன் நான்தான்.

அதற்குப் பிறகுதான் யார் உள்ளே வந்தார்கள் என்று எழுதி வைப்பதை விட்டு, யார் இன்னும் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் முறைக்கு மாறினேன். திறந்திருக்கும் ஒவ்வொரு நிரலும் நிமிடத்துக்கு ஒருமுறை தன் வரியில் நேரத்தைப் புதுப்பிக்கும். ஐந்து நிமிடங்களாகப் புதுப்பிக்கப்படாத வரி கணக்கில் வராது. யாரும் எதையும் அழிக்க வேண்டியதில்லை. மின்சாரம் போனாலும், நெட்வொர்க் கேபிளை யாராவது காலால் இடறிப் பிடுங்கினாலும், ஐந்து நிமிடத்தில் இடம் தானாகத் திரும்பிவிடும்.

இதற்கு முன்பு, டேட்டாபேஸ் இணைப்பையே அடையாளமாக வைக்கலாமா என்றும் முயன்று பார்த்தேன். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஐந்து பெயர்களில் ஐந்து பூட்டுகள். ஒரு நிரல் ஒரு பூட்டைத் தன் இணைப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் சர்வரே பூட்டை விடுவிக்கும். கேபிள் போட்ட அலுவலகங்களில் அது நன்றாகவே வேலை செய்தது. வைஃபையில் இருந்தவர்களுக்கோ நொடி நேரம் சிக்னல் தவறினாலும் இடம் பறிபோயிற்று. மேலும், மறுமுனையில் இருக்கும் கணினி செத்துவிட்டதை சர்வர் தானாக அறியும் நேரம் எல்லா டேட்டாபேஸுக்கும் ஒன்றல்ல: எஸ்க்யூஎல் சர்வர் இயல்பாக 30 விநாடி அமைதிக்குப் பிறகு இணைப்பைச் சோதிக்கத் தொடங்கும், கணினிகளுக்கு இடையிலான இணைப்பைப் பேணும் இயங்குதளத்தின் டிசிபி அமைப்பையே நம்பியிருக்கும் டேட்டாபேஸாக இருந்தால், லினக்ஸிலும் விண்டோஸிலும் அந்தச் சோதனை தொடங்கவே இயல்பாக இரண்டு மணி நேரம் ஆகும். இடம் கிடைக்காமல் இரண்டு மணி நேரம் காத்திரு என்று மண்ணடியில் யாரிடமும் சொல்ல முடியாது.

நிமிடக் கணக்கு முறையிலும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, நேரத்தை அந்தந்தக் கணினியின் கடிகாரத்திலிருந்து எடுத்தது. ஒரு பழைய கணினியில், அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓடவைக்கும் போர்டு பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு நாளும் காலையில் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியோடுதான் அது விழித்தது. அதில் வேலை செய்தவரின் வரி எழுதப்பட்ட கணமே காலாவதியாகத் தெரிந்ததால் அவர் கணக்கிலேயே வரவில்லை. ஆறாவது ஆள் தாராளமாக உள்ளே வந்தார். இப்போது நேரத்தை எழுதுவதும் ஒப்பிடுவதும் சர்வரின் கடிகாரத்தைக் கொண்டு மட்டுமே நடக்கிறது. இரண்டாவது, காலை பத்து மணி நெரிசல். இரண்டு கணினிகள் ஒரே விநாடியில் எண்ணிப் பார்க்கும், இரண்டுக்கும் நான்கு என்று பதில் வரும், இரண்டும் எழுதும், ஆறு பேர் ஆகிவிடும். எண்ணுவதையும் எழுதுவதையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் பூட்டி, ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்கும்படி செய்த பிறகே அது நின்றது.

யாரை ஓர் ஆள் என்று எண்ணுவது என்பதும் எளிய கேள்வி அல்ல. கணினிக்கு ஒன்று என்று எண்ணினேன். ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது பலரும் நெட்வொர்க் வழியாக ஒரே கணினிக்குள் நுழைந்து வேலை செய்யும் அலுவலகத்தில் நான்கு பேரும் ஒரே கணினியாகத் தெரிந்தார்கள். நிறுவும்போது எழுதிவைத்த அடையாள எண்ணை நம்பினேன். ஒரு ஹார்ட் டிஸ்கை அப்படியே நகலெடுத்து நான்கு கணினிகளில் போட்டிருந்த இடத்தில் நான்குக்கும் ஒரே எண் இருந்தது. இப்போது கணினியின் பெயர், விண்டோஸ் பயனாளர், அவர் உள்நுழைந்ததற்கு விண்டோஸ் தரும் செஷன் எண் ஆகிய மூன்றையும் சேர்த்தே ஓர் ஆளாகக் கொள்கிறேன். ஒரே மேசையில் ஒருவர் இரண்டு சன்னல்களைத் திறந்தால் அதற்கு இரண்டு இடம் வாங்குவதில்லை.

நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்று உண்டு. வரம்பு வாசலில் மட்டுமே செயல்பட வேண்டும். உள்ளே வந்து வேலை செய்துகொண்டிருப்பவரின் இடம் ஏதோ காரணத்தால் பறிபோனாலும், அவர் கையில் இருக்கும் படிவத்தை முடித்துச் சேமிக்கும்வரை நிரல் குறுக்கே வராது. புதிய படிவம் திறக்கும்போதுதான் இடம் கேட்கும். பழைய ஆவணங்களைப் பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் இடமே தேவையில்லை. அவை அவர்களுடைய ஆவணங்கள்.

மற்றவர்கள் இதை எப்படிக் கையாண்டீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

எம்.சி. ரோடு கணக்கர்:

நான் நிரல் எழுதுபவள் அல்ல. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் பில்லிங் மென்பொருளில் நான்கு பேருக்குத்தான் இடம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கீழ்த்தளத்தில் மூன்று கவுண்டர், மேலே கிடங்கு, முதலாளியின் அறை என்று ஐந்து கணினிகளும் ஓடும்போது, “யாராவது ஒருத்தர் வெளிய வாங்க” என்று மாடிப்படியில் நின்று கத்துவதுதான் எங்கள் லைசென்ஸ் முறையாக இருந்தது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள், எப்போதிலிருந்து இருக்கிறார்கள் என்று மென்பொருள் ஒருபோதும் சொல்லாது. “வரம்பு முடிந்தது” என்று மட்டும் சொல்லும். பிறகு வந்த பதிப்பில் பெயர்ப் பட்டியல் காட்டத் தொடங்கினார்கள். அப்போதுதான், முதலாளியின் அறையில் காலையில் திறந்த கணக்கு இரவு வரை யாரும் தொடாமல் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவரும் உடனே மூடினார். பட்டியல் இல்லாத காலத்தில் நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு எத்தனை மனக்கசப்புகளை வளர்த்துக்கொண்டோம் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அதே பதிப்பில் இன்னொன்றும் வந்தது. இருபது நிமிடம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் நிரல் தானாக மூடிக்கொள்ளும். வெளியூர் வியாபாரி ஒருவருக்கு 42 வரி பில் அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் துணி எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்று கிடங்குக்கு ஏறிப்போய் ஒவ்வொரு கட்டாக எண்ணிவிட்டு இறங்கி வந்தேன். திரையில் லாகின் கேட்டது. 42 வரியும் போயிருந்தன. வியாபாரி ரயிலுக்கு நேரமாகிறது என்று எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, வேலைதான் செய்துகொண்டிருந்தேன் என்பது அந்த நிரலுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் சேமிக்காத பில் ஒன்று திறந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியும் அல்லவா?

மணலி வரைபடப் பிரிவு:

மணலியில் ஆலைகளுக்குக் குழாய் வரைபடங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் ஃபிளெக்ஸ்எல்எம் என்ற லைசென்ஸ் நிர்வாக மென்பொருள் வழியாக இயங்கும் மிதக்கும் லைசென்ஸ்கள் உள்ளன; தேவைப்படுபவர் சர்வரிலிருந்து ஓர் இடத்தை எடுத்து, முடிந்ததும் திருப்பிவிடுவார். மேலே சொன்ன இருபது நிமிட விவகாரத்துக்கு அங்கும் ஓர் அமைப்பு உண்டு. பயன்படாமல் கிடக்கும் இடத்தைத் திரும்ப எடுக்கும் நேரத்தை நாமே குறிக்கலாம், ஆனால் வழக்கமாக 900 விநாடிக்குக் கீழே வைக்க முடியாது. நல்ல முறையில் எழுதப்பட்ட வரைபட நிரல், இடம் பறிபோனாலும் வரைபடத்தைத் தூக்கி எறியாது. திரும்பி வந்து சுட்டியை அசைத்ததும் மீண்டும் இடம் கேட்டுப் பார்க்கும், கிடைக்காவிட்டால் சேமிக்க வாய்ப்புக் கொடுக்கும்.

எனக்கு மறக்க முடியாத சிக்கல் வேறு. சர்வர் இல்லாத இடத்துக்குப் போகும்போது ஒரு லைசென்ஸைக் குறிப்பிட்ட நாட்களுக்கு மடிக்கணினியில் கடனாக எடுத்துச் செல்லலாம். எங்கள் பொறியாளர் ஒருவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தளப் பணிக்கு ஒரு மாதக் கடனில் எடுத்துப் போனார். இரண்டாம் நாள் மடிக்கணினி தண்ணீரில் விழுந்து உயிரை விட்டது. கடனாகப் போன இடத்தை அந்தக் கணினியிலிருந்துதான் முன்கூட்டித் திருப்பிக் கொடுக்க முடியும். சர்வரில் உட்கார்ந்துகொண்டு பிடுங்க முடியாது. மீதி நாட்கள் முழுவதும் ஓர் இடம் குறைவாகவே ஓட்டினோம். இப்போது யார் கேட்டாலும் மூன்று நாளுக்கு மேல் கடன் தருவதில்லை. தேவைப்பட்டால் வந்து புதுப்பித்துக்கொள்ளட்டும்.

எங்களைப் போல இரண்டு ஷிப்டில் வேலை செய்யும் இடங்களுக்கு, பகலில் ஒருவரும் இரவில் இன்னொருவரும் ஒரே இடத்தைப் பயன்படுத்தும் இந்த முறைதான் கட்டுப்படியாகிறது. வரைபட மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்க் 2020 ஆகஸ்டிலிருந்து நெட்வொர்க் சந்தாக்களை ஆளுக்கு ஒன்று என்ற பெயர்வழிச் சந்தாக்களாக மாற்றத் தொடங்கியது. பழைய நெட்வொர்க் இடம் ஒன்றுக்கு இரண்டு பெயர்கள் கொடுத்தது. இரண்டு பேர் பகிர்ந்தவர்களுக்கு அது சரியாகப் போயிருக்கும்; ஓர் இடத்தை மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவர்களுக்குச் செலவு கூடியது. அதனால், சிறிய அளவில் எழுதுபவர்கள் இந்தப் பகிரும் முறையைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ராயபுரம் நிரலாளர்:

கணக்கர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு என் நிரலைத் திறந்து பார்த்தேன். என்னிடமும் முப்பது நிமிட அமைதிக்குப் பிறகு இடத்தை விடுவிக்கும் பகுதி இருக்கிறது. சேமிக்காத படிவம் திறந்திருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. நேற்று இரவு அதை மாற்றினேன். படிவம் பாதியில் இருந்தால் இடம் போகாது. வெளியே காத்திருப்பவருக்கு, இன்ன மேசையில் இன்னார் பாதிப் படிவத்தோடு இருக்கிறார், கடைசியாகத் தொட்டது இத்தனை மணிக்கு என்று காட்டும். பெயர்ப் பட்டியலும் இந்தப் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. கடன் முறை என்னிடம் இல்லை. மாதவரம் சரக்குப் பெட்டக நிலையத்துக்கு மடிக்கணினியோடு போகும் ஓர் அலுவலகம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு மூன்று நாளுக்கு மேல் தராமல் எழுதப் போகிறேன்.

லிங்கிச் செட்டித் தெருப் பெரியவர் கணினியில்தான் புதிய பதிப்பை முதலில் போட்டேன். அவரே சர்வர் அறைக்குப் போகாமல், பக்கத்து மேசைக் கணினியின் பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஐந்தாவது நிமிடம் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் மறைந்ததும், “சரிப்பா, போய்ட்டாரு” என்று சொல்லிவிட்டுத் தன் இருக்கைக்குத் திரும்பினார்.